திதியற்றோர்: கல்வெட்டுப் பிரபந்தமும் வன்னியின் பிதிர்க்கடனும்

1

ஈழத்துத் தமிழ்ச் சைவர் வீடுகளில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவுற்றதும், மதியபோசனத்துக்கு வந்தோர் கையிலே சிறியதோர் அச்சுநூல் கொடுக்கப்படும். அதனைக் 'கல்வெட்டு' என்பர். அண்மைக்காலத்தில் 'நினைவு மலர்' என்னும் பெயரும் வழங்குகின்றது. கல்லிலே பொறிக்கப்படாத, தாளிலே அச்சிடப்பட்ட இந்நூலுக்குக் கல்வெட்டு என்னும் பெயர் வந்தமையே சிந்தனைக்குரியது. நம் இலக்கிய வரலாறுகள் இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒருபுறம், யாப்பும் அணியும் தேடும் மரபறிஞருக்கு இது கூலிக்குப் பாடிய பாட்டு. மறுபுறம், முற்போக்கு விமரிசகருக்கு இது நிலவுடைமைச் சமூகத்தின் தற்புகழ்ச்சி. இவ்விரு தீர்ப்புகளிலும் உண்மை உண்டு. ஆயினும், தம் வாழ்நாளில் வேறெந்தக் கவிதை நூலையும் வாங்காத குடும்பங்களும் பேணி வைத்திருக்கும் ஒரே செய்யுள் நூல் இதுவாகவே இருத்தல் கூடும். ஒரு சமூகம் தன் இறந்தோரை எவ்வாறு நினைக்கின்றது என்பதை அறிய விரும்புவோர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. முதலாவது, கல்வெட்டு என்னும் பிரபந்தத்தின் உருவத்தை அதன் சமூக அடித்தளத்தோடு சேர்த்து நோக்குதல். இரண்டாவது, அவ்வுருவம் 2009ஆம் ஆண்டின் பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பில் ஏன் செயலிழந்தது என்பதையும், அதன் இடத்திலே மக்கள் எதனை வைத்துள்ளனர் என்பதையும் ஆராய்தல். பிதிர்க்கடனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவதும், தொன்மைப் பண்பாடு எனத் தூக்கிவைப்பதும் ஒருங்கே தவறானவை என்பது எமது துணிபு.

2

கல்வெட்டின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டவொன்று. காப்புச் செய்யுளின் பின்னர் ஊர்ச்சிறப்பு வரும். அடுத்து மரபுரைத்தல், பிறப்பு, கல்வி, தொழில், திருமணம், மக்கட்பேறு ஆகியன முறையே வரும். மருமக்கள் எத்தொழிலர் என்பதும், எந்நாட்டில் வாழ்கின்றனர் என்பதும் தவறாது கூறப்படும். பின்னர் நோயும் மரணமும். அவற்றையடுத்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எனப் பகுதிகள் தொடரும். தேற்றமும் நன்றி நவிலலும் இறுதியில் அமையும். இவை யாவற்றுக்கும் நடுவே, நூலின் அச்சாணிபோல நிற்பது திதி வெண்பா.

திதி வெண்பாவின் தொழில் ஒன்றே. இறந்த ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடக்குதல். ஆண்டுதோறும் எந்நாளிற் சிரார்த்தம் செய்யவேண்டும் என்பதை மகனும் பேரனும் மறவாதிருக்கச் செய்யப்பட்ட நினைவுக்கருவி அது. கவிநயம் இருப்பின் மிகை, இல்லாவிடினும் குறையன்று. தமிழ்ச் செய்யுள் வடிவங்களுள் இத்துணை நேரடியான நடைமுறைப் பயனுடையது பிறிதொன்று அரிதாகவே உண்டு.

இத்திதி ஏன் இன்றியமையாதது? அபரக்கிரியைகளின் தருக்கத்தில் இறந்தவர் உடனடியாகப் பிதிர் ஆவதில்லை. காடாற்று, எட்டுச்செலவு, அந்தியேட்டி எனப் படிப்படியாகச் சென்று, சபிண்டீகரணத்திலே அவருக்கான பிண்டம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோருக்கான பிண்டங்களோடு கலக்கப்படும்போதே அவர் பிரேதநிலை நீங்கிப் பிதிர்நிலை எய்துகின்றார். அதன்பின் மாசியம், ஆட்டைத்திவசம், ஆண்டுத் திவசம் என நினைவு ஒழுங்குபடுத்தப்படுகின்றது. ஆகவே மரணம் என்பது ஓர் உடலின் நிகழ்ச்சி மாத்திரமன்று. ஒருவர் தம் வரிசையில் உரிய இடத்தைப் பெறும் சமூக நிகழ்ச்சியுமாகும்.

இவ்வரிசை மூன்று தூண்களின் மேல் நிற்கின்றது: பெயர், நாள், வழித்தோன்றல். யார் இறந்தார் என்பது தெரியவேண்டும். என்று இறந்தார் என்பது தெரியவேண்டும். கடன் செய்வதற்கு உரியவர் எஞ்சியிருக்கவேண்டும். கல்வெட்டின் ஒவ்வோர் உறுப்பும் இம்மூன்றிலொன்றை உறுதிப்படுத்தும் சான்றாவணமே. கல் என்னும் பெயரின் பொருத்தமும் இதுவே. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் நடுகல் மரபின் நினைவை, அச்சு யுகத்தின் நடுத்தர வகுப்பு, நூலுக்கு இட்ட பெயரில் மாத்திரம் காத்துக்கொண்டது எனலாம்.

3

பிதிர்வழிபாட்டிலிருந்தே தனியுடைமை தோன்றியது என்னும் கருத்தைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியரான ஃபுஸ்தெல் த கூலாஞ் 1864இல் வெளியிட்ட 'பண்டைய நகரம்' என்னும் நூலில் முன்வைத்தார். மூதாதையரின் சமாதி அமைந்த நிலம் கைமாற்ற முடியாததாயிற்று. அதுவே குடும்பச் சொத்தாயிற்று என்பது அவர் வாதம். இருபது ஆண்டுகளின் பின்னர் ஏங்கல்ஸ், குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய தம் நூலில் உற்பத்தி உறவுகளையும் சொத்துரிமையையும் அடிப்படையாகக் கொண்டு குடும்ப அமைப்பை விளக்கினார். சொத்தைத் தன் மக்களுக்கே விடவேண்டும் என்னும் தேவை தந்தைவழிக் குடும்பத்தை உறுதிப்படுத்தியது எனக் கொள்ளின், தந்தைவழிப் பிதிர்வரிசை அத்தேவையின் சமய வடிவமாகவே தோன்றும்.

இந்தியச் சான்று இதனை வெளிப்படையாகவே காட்டுகின்றது. வங்கத்திலே வழங்கிய தாயபாக நெறியை வகுத்த சீமூதவாகனர், இறந்தவருக்குப் பிண்டத்தினாற் பயன்விளைக்கும் தகுதியையே சொத்துரிமையின் அளவுகோலாக்கினார். பிண்டமிடுபவனே வாரிசு. சோற்றுருண்டைக்கும் வயல்வரப்புக்கும் உள்ள உறவு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எழுதப்படவில்லை.

எமது வடபுலத்தில் நிலைமை சற்றே சிக்கலானது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பிரிக்கின்றது. தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வதே பழைய வழக்கம் என அத்தொகுப்புக் கூறும். பெண்ணுக்குச் சொத்துண்டு, ஆனாற் கொள்ளிவைக்கும் உரிமையும் எள்ளுந்தண்ணீரும் இறைக்கும் உரிமையும் இல்லை. தாயிடமிருந்து வீடும் வளவும் பெற்ற மகள், அத்தாயின் திவசத்திற் சமைப்பவளாகவே நிற்கின்றாள். பொருளுரிமையும் கிரியையுரிமையும் இங்கே ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டவில்லை. இவ்விரிசல் பின்னர் நமது ஆராய்ச்சிக்கு வேண்டப்படும்.

மேலும், மரணச்சடங்கு சாதி உழைப்பின் மீதே கட்டப்பட்டது. பறைமேளம் அடிப்போர், வெள்ளை கட்டுவோர், சவரத் தொழிலாளர், விறகு அடுக்குவோர் எனக் குடிமைத் தொழில் செய்தோரின்றி உயர்சாதிப் பிணம் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. ஒருவரைப் பிதிர் ஆக்கும் உழைப்பைச் செய்தவர் எவரும் கல்வெட்டில் இடம்பெற்றதில்லை. அவர்களுக்கெனக் கல்வெட்டு எழுதப்பட்டமையும் மிக அரிது. 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் பழமொழி, துயரத்திற்கூட உழைப்பு வாங்கப்பட்டது என்பதை ஒளிவின்றிச் சொல்கின்றது. புலம்பலை இயற்றிய புலவரும் அதே சந்தையில் நின்றவரே. அவருக்குக் கிடைத்தது மாத்திரம் கூலி என்னாது சன்மானம் எனப்பட்டது.

4

இவ்வமைப்பு வன்னியிலே யாழ்ப்பாணத்தில் இருந்த அளவுக்கு என்றும் முழுமையாக வேரூன்றியதில்லை. வன்னியின் குடிவரலாறே அதற்குக் காரணம். குளத்தை அண்டிய பழைய கிராமங்கள், குடியேற்றத் திட்டங்களை நம்பித் தீபகற்பத்திலிருந்து வந்த விவசாயிகள், 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியமர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஆகிய மூன்று அடுக்குகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. முதுசக்காணி உள்ளவன் திவசம் செய்த நாட்டிலே, தன் பாட்டனின் புதைகுழியைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவந்தவன் எதனை முதுசம் என்பான்?

பழைய வன்னிக் கிராமங்களின் முன்னோர் நினைவு, கல்வெட்டுப் பிரபந்தத்தைவிட வழிபாட்டிடங்களிலேயே தங்கியிருந்தது. ஐயனார், வைரவர், அண்ணமார், நாச்சிமார் என வணங்கப்படும் தெய்வங்களுட் சிலர் இறந்துபட்ட மனிதர் என்பது ஊர் மரபு. வன்னியர் குலப் பெண்கள் கணவரை இழந்து உயிர்நீத்துத் தெய்வமாயினர் என்னும் கதை நாச்சிமார் வழிபாட்டோடு இணைத்துப் பேசப்படுகின்றது. வற்றாப்பளையிற் கோயில்கொண்ட கண்ணகியும் கணவனை அநீதியால் இழந்த பெண்ணே. வைகாசிப் பொங்கலை முன்னிட்டு அங்கே கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்வழிபாடுகள் பிண்டம் கேட்பதில்லை, மகனைக் கேட்பதில்லை, திதியையும் கேட்பதில்லை. அநியாயமாக இறந்தோரை ஊர் முழுவதும் சேர்ந்து நினைக்கும் முறை இது. தந்தைவழிப் பிதிர்வரிசைக்குப் புறம்பான இம்மரபை நாட்டார் வழக்கு எனப் பெயரிட்டு ஒதுக்கிவிட்டோம்.

மற்றைய வடிவம் ஒப்பாரி. கல்வெட்டிலுள்ள மனைவி புலம்பலையும் ஒப்பாரியையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. முன்னையது ஆண் புலவர் ஒருவர் பெண்ணின் வாயிலே இட்ட சொல், அச்சிட்டு நிலைத்தது. பின்னையது பெண்ணே அப்போதைக்குக் கட்டிய சொல், காற்றோடு போயிற்று. முன்னையதிற் கணவனின் பெருமை மாத்திரமே பேசப்படும். பின்னையதில் மாமியாரின் கொடுமை, கைவிட்ட சகோதரர், கடன், பறிபோன காணி என யாவும் வெளிப்படும். ஒப்பாரி இறந்தவரை முன்னிலையில் விளித்து, இருப்பவர்மேற் குற்றஞ்சாட்டும் வடிவம். குற்றச்சாட்டை நீக்கிவிட்டுத் துயரை மாத்திரம் எடுத்துக்கொண்டதே கல்வெட்டுப் புலம்பல்.

5

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. போர் தொடங்குமுன் அவ்வரசன் விடுத்த அறிவிப்பை அது கூறுகின்றது. பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளர் ஆகியோருடன், தென்திசையில் வாழும் முன்னோருக்குக் கடன் செய்யும் புதல்வரைப் பெறாதவரும் தத்தம் பாதுகாப்பான இடங்களை அடைக என்பது அதன் கருத்து. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐந்திடங்களுட் தென்புலத்தாரை முதலில் வைப்பதை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றோம். அதனைவிடப் புறப்பாட்டுச் செய்தி கூர்மையானது. பிதிர்க்கடன் அறுந்துவிடக்கூடாது என்பதற்காகப் போர் ஒருகணம் நின்று காத்திருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். அவ்வறம் அக்காலத்தில் எவ்வளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு வினா. எல்லா அரசரும் அவ்வாறே ஒழுகியிருப்பின் ஒருவனைத் தனித்துப் புகழ்தற்கு இடமேயில்லை.

2009 சனவரியில் வன்னியிலும் பாதுகாப்பு வலயம் ஒன்று அறிவிக்கப்பட்டது. பெப்பிரவரியிற் பிறிதொன்று, மேயில் முள்ளிவாய்க்காலை அண்டிய குறுகிய கரைத்துண்டு. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வலயங்களுள் அரசபடை எறிகணை வீசியதாகக் கூறப்படும் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை எனக் கண்டது; மக்களை வெளியேறவிடாது தடுத்ததும் தப்பியோட முயன்றோரைச் சுட்டதும் பற்றி விடுதலைப் புலிகள்மீதும் அவ்வாறே கூறியது. இறந்த குடிமக்களின் தொகை 40,000 வரை இருக்கலாம் என்னும் மதிப்பீட்டையும் அது குறிப்பிட்டது. இத்தொகை இன்றும் விவாதத்துக்குரியதாக இருப்பதே நமது பொருளுக்கு முதன்மையானது. எண்ணப்படாதவருக்குத் திதி எழுதுவது எங்ஙனம்?

முன்னர்க் கூறிய மூன்று தூண்களும் அங்கே ஒருங்கே சரிந்தன. பதுங்குகுழியையே புதைகுழியாக்கிவிட்டு ஓடியவருக்கு எரிப்பதும் இல்லை, எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. முகாமுக்குள் அடைக்கப்பட்டவர் எந்நாளில் யார் இறந்தார் என்பதையே பிறர்வாய்க் கேட்டு அறிந்தனர். குடும்பம் முழுவதும் மாண்டவிடத்து வழித்தோன்றலும் இல்லை. எஞ்சியோர் ஊர் திரும்பியபோது காணியும் கையில் இல்லை. கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் நிலத்தின் வாயிலில் 2017இலே அமர்ந்து போராடியமை பலரும் அறிந்தது. முதுசமின்றி முன்னோர் கடனா என்று கேட்டால், அதற்குச் சாத்திரத்தில் விடையில்லை.

இதனிலும் ஆழமான முரண்பாடொன்று உண்டு. ஈழத்துச் சைவர் வழக்கில், தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திராபூரணையிலும் விரதமிருப்பர். கீரிமலையிலும் திருக்கேதீச்சரத்துப் பாலாவியிலும் கடற்கரைகளிலும் அந்நாள்களிற் கூட்டம் கூடும். தந்தைக்கு ஒரு நாள், தாய்க்கு ஒரு நாள். மக்களுக்கு? மாளய பட்சத்தில் உறவினர் யாவருக்கும் நீரிறைக்க இடமுண்டு எனினும், பிள்ளையை இழந்தோர் ஊரோடு நோற்கும் பொதுநாள் ஒன்று நம் பஞ்சாங்கத்தில் இல்லை. இளையவர் முதியவருக்குச் செய்வது என்னும் ஒழுங்கிலேதான் பிதிர்க்கடன் கட்டப்பட்டது. முதியவர் இளையவரை அடக்கம் செய்யும் காலத்துக்கு அது ஆயத்தமாக இருக்கவில்லை.

மே 18 இவ்வெற்றிடத்திலேயே தோன்றியது. அரசியற் கட்சிகள் அந்நாளைத் தத்தமக்கு உரித்தாக்க முயல்வதை நாம் காண்கின்றோம்; ஆயினும் அதன் சமூகத் தேவை கட்சிகள் உண்டாக்கியதன்று. அந்நாளை விரோதி வருடம், வைகாசி மாதம், தேய்பிறை எனத் திதி வெண்பாவிற் கூறிவிடலாம். மக்கள் அவ்வாறு கூறவில்லை. திங்களோடு நகரும் திதியை விடுத்து, உலகம் முழுவதும் எண்ணும் நாள்காட்டித் தேதியையே கொண்டனர். இது சிறிய மாற்றமன்று. விரோதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீளவரும். அது சுழற்சிக் காலம். 2009.05.18 மீளவராது; அது வரலாற்றுக் காலம். குடும்ப நினைவு வரலாற்று நினைவாக மாறியமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. நீதி கேட்கும் மன்றில் திதி செல்லாது, தேதியே செல்லும்.

அன்று வழங்கப்படும் கஞ்சியும் அவ்வாறே. சிரார்த்தத்திற் பிண்டம் இறந்தவருக்கு, விருந்து அழைக்கப்பட்டவருக்கு. முள்ளிவாய்க்காற் கஞ்சியோ, இறந்தோர் இறுதிநாள்களில் உண்டதையே இருப்போர் வீதியில் நின்று, சாதியோ சமயமோ வினவாது பகிர்ந்துண்பது. கடற்கரையிற் பிதிர்க்கடன் செய்யும் சைவரும், மெழுகுதிரி ஏற்றும் கிறித்தவரும் ஒரே கரையில் நிற்கின்றனர். 2024 மேயில் கிழக்கிலே சம்பூரில் இக்கஞ்சியை வழங்கியமைக்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்டமை, இதன் பொருளை அதிகாரமும் உணர்ந்துள்ளது என்பதையே காட்டுகின்றது.

6

இறந்தோர் நிலை இதுவாயின், காணாமல் ஆக்கப்பட்டோர் நிலை வேறு. இறுதிநாள்களிற் படையினரிடம் கையளிக்கப்பட்டோர், முன்னரே கடத்தப்பட்டோர், இயக்கத்தினாற் கட்டாயமாக ஆட்சேர்க்கப்பட்டுத் திரும்பாதோர் ஆகிய யாவரும் அவருள் அடங்குவர். தேடுவோர் பெரும்பாலும் பெண்கள். 2017 பெப்பிரவரி 20இற் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலிலும், அதே மாதம் 24இல் வவுனியாவிலும் அவர்கள் தொடங்கிய தொடர்போராட்டம் ஆயிரக்கணக்கான நாள்களைக் கடந்தது. அவ்விடங்களில் அமர்ந்திருந்த பெற்றோர் பலர், பிள்ளையைப் பற்றிய செய்தி யாதும் அறியாமலே இறந்துவிட்டனர்.

இவர்களிடம் இரு தரப்பினர் ஒரே வேண்டுகோளை விடுக்கின்றனர். சாத்திரம் சொல்வது: பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி கிடையாதவிடத்துத் தருப்பை முதலியவற்றாற் பாவை செய்து தகனம் செய்க, நாராயணபலி செய்க, திதி தெரியாவிடின் அமாவாசையையோ தேய்பிறை ஏகாதசியையோ கொள்க. அரசு சொல்வது: 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேலாகக் காணப்படாதவருக்கு மரணச் சான்றிதழ் பெறுக. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 'காணப்படாமைச் சான்றிதழ்' என்னும் மாற்றுவழி வந்தது. 2022 மார்ச்சில் அச்சான்றிதழ் உடைய குடும்பத்துக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. போராடும் தாய்மார் அதனை ஏற்க மறுத்தனர்.

சாத்திரத்தின் பன்னிரண்டு ஆண்டும் 2021இல் நிறைவுற்றது. பாவை எரிக்க மறுத்தோரை, மெய்ம்மையை ஏற்க இயலாதோர் எனப் பரிவோடு சொல்வாரும் உளர். கிரியைகள் துயரை ஆற்றும் வலிமையுடையன என்பதை மறுப்பதற்கில்லை. போரின் உளவியற் பாதிப்புகளை நெடுங்காலம் ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரம், சடங்குகளின் ஆற்றுப்படுத்தும் பயனை வலியுறுத்தியுள்ளார். அதனை நாம் ஏற்கின்றோம். ஆயின் இங்கே ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். இயல்பாக இறந்தவருக்குத் திதி குறிப்பது துயரை முடித்துவைப்பது. மறைக்கப்பட்டவருக்குத் திதி குறிப்பதோ வினாவையும் முடித்துவைப்பது. கையொப்பமிட்டுப் பெறும் சான்றிதழும் தருப்பைப் பாவையும் இவ்விடத்தில் ஒரே தொழிலைச் செய்கின்றன: யாரிடம் கையளித்தோம் என்னும் வினாவை, என்று இறந்தார் என்னும் விடையால் மூடிவிடுகின்றன. தாய்மார் மறுப்பது மரணத்தையன்று. சான்றின்றித் தம் கையால் அதனை எழுதிக்கொடுப்பதையே அவர்கள் மறுக்கின்றனர்.

2023 சூன் 29ஆம் நாள் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 சூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. நிலம் உடலைத் திருப்பித் தந்தது, பெயரைத் தரவில்லை. கல்வெட்டில் எல்லாமே உண்டு, உடல் மாத்திரம் இல்லை. இங்கே உடல் உண்டு, வேறெதுவும் இல்லை. அப்பெயர்களைக் கண்டறிதல் அகழ்வாய்வுக்கும் நீதிமன்றுக்கும் உரிய பணி. பக்தியினாலோ கவிதையினாலோ அதனை ஈடுசெய்தல் இயலாது.

7

இனி இலக்கியத்துக்கு வருவோம். 2009இன் பின்னர் எழுந்த நினைவுக் கவிதைகளுட் பெரும்பகுதி, புதுக்கவிதை உருவில் அமைந்த கல்வெட்டுகளே என்பதைக் கூறாமலிருத்தல் நேர்மையன்று. ஊர்ச்சிறப்பு 'மண்' ஆயிற்று. குலச்சிறப்பு 'இனம்' ஆயிற்று. மனைவி புலம்பல் 'தாயின் கண்ணீர்' ஆயிற்று. பெண்ணின் வாயிலே தம் சொல்லை இடும் வழக்கம் மாறவில்லை. இறந்தவரின் தொழில் என்ன, அவருக்கு நிலம் இருந்ததா, பங்கர் வெட்டக் கூலிகொடுக்க வசதி இருந்ததா, கடல்வழி வெளியேற யாருக்குப் பணம் இருந்தது என்பன அக்கவிதைகளில் இல்லை. வர்க்கம் மரணத்திலும் செயற்பட்டது. வன்னியின் இறுதிக்கட்டத்தில் அகப்பட்டோருள் வெளியேற வழியற்ற ஏழை விவசாயிகளும், கூலித்தொழிலாளரும், மலையக வம்சாவளியினரும் பெருந்தொகையினர் என்பதை மறந்து, 'நாம்' என்னும் ஒரே சொல்லில் யாவரையும் அடக்குவது கல்வெட்டுப் புலவரின் பழைய உத்தியே.

இயக்கம் உருவாக்கிய நினைவு மரபும் இவ்வாராய்ச்சிக்கு விலக்கன்று. 1990களின் தொடக்கம்முதல் இறந்த போராளிகள் எரிக்கப்படாது துயிலும் இல்லங்களிற் புதைக்கப்பட்டனர்; உடல் 'வித்துடல்' எனப்பட்டது. சாதியும் சீதனமும் கடந்து வரிசையாக ஒரே அளவிற் கல் நாட்டப்பட்டமை, கல்வெட்டு மரபுக்கு எதிரான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கல் வீரருக்கே உரியது. எறிகணையில் இறந்த கூலிப்பெண்ணுக்கு உரியதன்று. நடுகல் மரபின் வரையறையும் அதனோடு கூடவே வந்தது. போரின் பின்னர் படையினர் அவ்வில்லங்களைத் தரைமட்டமாக்கினர். 2016 நவம்பர் 27இற் கிளிநொச்சி கனகபுரத்திலே மக்கள் மீண்டும் கூடி, உடைந்த கற்களின் நடுவே விளக்கேற்றினர். அங்கே அழுதவர்க்குத் தம் பிள்ளை வித்தாக இருக்கவில்லை, பிள்ளையாகவே இருந்தது. உருவகம் தாய்க்கு ஆறுதல் தருவதைவிட, உருவகத்தை ஆக்கியோருக்கே பெரிதும் பயன்பட்டது.

இவற்றுக்கு மாறாகப் போராட்டக் கொட்டகைகளில் ஒப்பாரி புதிய உருவம் பெறுகின்றது. விளி அதே முன்னிலை விளிதான். ஆனால் விளிக்கப்படுவோர் இறந்தவர் என்று கொள்ளப்படுவதில்லை. குற்றச்சாட்டு அதே குற்றச்சாட்டுத்தான். ஆனால் மாமியார் மீதும் சகோதரர் மீதும் சென்ற சொல், இப்போது படைத்தலைமை மீதும், ஆணைக்குழுக்கள் மீதும், தம்மைப் பேசுபொருளாக்கிவிட்டுச் சென்ற தமிழ்த் தலைவர்கள் மீதும் செல்கின்றது. வீட்டு முற்றத்துக்குள் இருந்த வடிவம் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. தேசவழமை சொத்துக் கொடுத்தும் சடங்கு உரிமை மறுத்த பெண், இன்று விளக்கை ஏற்றுகின்றாள்; ஒளிப்படத்தை ஏந்துகின்றாள்; பெயரையும் தேதியையும் இடத்தையும் உரக்கச் சொல்கின்றாள். அவள் சொல்வது இறந்த தேதியன்று; கையளித்த தேதி. திதி வெண்பாவுக்கு எதிர்நிலையில் நிற்கும் இவ்வுரை, நமது காலத்தின் மிகக் கூரிய நினைவிலக்கியம் என்பது எமது கருத்து.

8

பிதிர்க்கடன் பற்றிய மார்க்சிய விமரிசனம் இதுகாறும் அதன் சொத்துடைமை வேரைக் காட்டுவதோடு நின்றது. அப்பணி சரியானது, ஆனால் முற்றுப்பெறாதது. வேர் வெட்டப்பட்ட பின்னரும் மக்கள் ஏன் கடற்கரையில் எள்ளும் நீரும் ஏந்தி நிற்கின்றனர் என்பதற்கு அது விடை தரவில்லை. சொத்தின் பொருட்டு எழுந்த சடங்கு, சொத்தற்றோர் கையிலே பிறிதொரு பொருள் பெறுதல் கூடும். முதுசம் இல்லாதோர் பேணும் முன்னோர் கடன், உரிமைப்பத்திரத்தின் நிழலாக இருக்கமுடியாது. அது, இன்னார் இருந்தார் என்பதற்கு ஊரார் கூடிச் சொல்லும் சாட்சியாகவே இருக்கமுடியும்.

இதனாற் சடங்கு யாவும் விடுதலைதரும் எனக் கொள்ளுதல் ஆகாது. ஊர் மீண்டெழும்போது பழைய ஒழுங்கும் மீண்டெழுகின்றது. வெளிநாட்டுப் பணத்திற் பளபளக்கும் நினைவு மலர்கள் வன்னியிலும் வரத்தொடங்கிவிட்டன. மருமக்களின் தொழிலும் நாடும் மீண்டும் பட்டியலிடப்படுகின்றன. மே 18இல் ஒன்றாக நின்றோர், மறுநாட் சுடலையில் யாருக்கு எவ்விடம் என்று பிரிந்து நிற்றலும் கூடும். கூட்டு நினைவு தானாக நிலைக்காது. அதனைத் தாங்கும் சமூக உறவுகள் மாறினாலன்றி, கஞ்சி ஆண்டுக்கொருமுறை சுவைக்கும் பழங்கதையாகிவிடும்.

ஆராய்ச்சியாளருக்கு இதிலே இரு பணிகள் உள. கொட்டகைகளிலே சொல்லப்படும் உரைகளை, சொன்னவர் இசைவோடு, சொன்னவாறே பதிவுசெய்தல் ஒன்று. சொன்னோர் முதியவராதலின் அது காலந்தாழ்த்தற்குரியதன்று. அவ்வுரைகளுக்கு நாம் முடிவுரை எழுதாதிருத்தல் மற்றையது. கல்வெட்டுப் புலவர் திதியறிந்து வெண்பாப் பாடினார். திதி அறியப்படாதவிடத்து அவ்வெண்பாவின் இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதே இன்றைய விமரிசகனின் கடன். அவ்வெறுமையை நிரப்பவேண்டியோர் விடையை அறிந்தும் சொல்லாதிருப்போரே.